சாளர ஒளியும் தொட்டிச் செடியும்

முன்னுரை

வீட்டிற்குள் செடி வளர்க்கும் வழக்கம் இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. தருமபுரி நகரிலும், பாலக்கோடு, அரூர், பென்னாகரம் முதலிய ஊர்களிலும் புதிதாய் எழும் வீடுகளின் கூடத்தில் ஒரு மணிபிளாண்ட் கொடியேனும் இடம்பெறக் காண்கிறோம். ஆயினும் அச்செடிகளுள் பல ஓராண்டுகூட நிலைப்பதில்லை. “தண்ணீர் தவறாமல் ஊற்றினோம், உரமும் இட்டோம், இருந்தும் பட்டுப்போயிற்று” என்பதே எங்கும் கேட்கும் குறையாக இருக்கிறது. இக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் நீருமன்று, உரமுமன்று, ஒளியே ஆகும். எந்தச் செடியை எந்தச் சாளரத்தின் அருகில், எந்த மாதத்தில் வைப்பது என்பதை அறியாமையால் நேரும் இழப்பு இது. அதனைத் தருமபுரி மாவட்டத்தின் வானத்தைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் துறை கற்ற பாடம்

இப்பொருளில் எழுதும் தகுதி, யாம் செய்த ஒரு பிழையால் எமக்கு வாய்த்தது. எம் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், தாம் பேணி வளர்த்த ‘பீஸ் லில்லி’ என்னும் செடியைத் துறைக்கே விட்டுச் சென்றார். கீழ்த்தளத்து அறையில், கிழக்குச் சாளரத்தின் அருகே அது ஆண்டுதோறும் வெண்மலர் தந்து வந்தது. பின்னர், ஓர் அக்டோபர் மாதத்தில் துறை மாடி அறைக்கு மாறியது. அங்கிருந்த சாளரங்கள் மேற்கிலும் வடக்கிலும் அமைந்தவை. வீட்டுச் செடிகள் பற்றி மேலைநாட்டார் எழுதிய நூலொன்றைப் புரட்டினோம். ‘வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் ஒருபோதும் விழாது, நிழல் விரும்பும் செடிகளுக்கு அதுவே ஏற்றது’ என்னும் கருத்தை அதில் கண்டு, செடியை வடக்குச் சாளரத்தின் அடித்திட்டில் வைத்தோம்.

மார்ச்சு வரை குறையொன்றும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து சூனில் கல்லூரி திறந்தபோது, இலைகளில் பழுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. ‘நீர் போதவில்லை போலும்’ என்றெண்ணி, இருவேளையும் நீர் ஊற்றினோம். வேர் அழுகியது. சூலை முடிவதற்குள் செடி மடிந்தது. அதன்பின் ஒருநாள் மாலை, தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், அதே வடக்குச் சாளரத்தின் வழியே சாய்வெயில் நுழைந்து வெறுந்தொட்டியின்மேல் விழுவதைக் கண்டோம். நூல் பொய் சொல்லவில்லை. அது எழுதப்பட்ட நாட்டிற்கு அது பெரும்பாலும் மெய்யே. நாம் வாழும் நாட்டிற்கு அது பொருந்தாது என்பதை எண்ணாதது எம் தவறு.

சாளரம் எதற்கு?

தமிழில் சன்னலைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ‘காலதர்’ என்பது கால், அதர் என்னும் இரு சொற்களால் ஆயது. காற்று வரும் வழி என்பது பொருள். ‘பலகணி’ பல கண்களை உடையது. ‘சாளரம்’ இலக்கியத்தில் பயின்று வருவது. ‘சன்னல்’ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து கலந்தது. காலதர் காற்றைச் சொல்கிறது. பலகணி பார்வையைச் சொல்கிறது. ஒளியைச் சொல்லும் பெயர் இவற்றுள் இல்லை என்பது நோக்கத்தக்கது. நம் பழைய வீடுகளில் ஒளியைத் தந்தது முற்றம். நடுவே வானத்தை நோக்கித் திறந்த அம்முற்றத்தில் செடிகள் வெயிலையும் மழையையும் பெற்று வளர்ந்தன. திண்ணையும் தாழ்வாரமும் நிழலுக்கென அமைந்தன. இன்று முற்றம் மறைந்தது, தாழ்வாரமும் மறைந்தது. வீட்டிற்குள் இருக்கும் செடிக்குச் சாளரம் ஒன்றே வானமாயிற்று. ஆதலின் அச்சாளரத்தின் இயல்பை அறிவது இன்றியமையாததாகிறது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் முதற்பொருள் என்று கூறுவது நிலமும் பொழுதுமாகிய இரண்டையும். மரமும் பூவும் கருப்பொருளுள் அடங்கும். நிலமும் பொழுதும் சேர்ந்தே கருப்பொருளுக்கு வாழ்விடம் ஆகின்றன. சாளர ஒளிக்கும் இவ்விரண்டும் வேண்டும். சாளரம் நோக்கும் திசையை நிலம் எனக் கொண்டால், மாதமும் நாழிகையும் பொழுது ஆகும். மேலைநாட்டு நூல்கள் பெரும்பாலும் திசையை மட்டும் சொல்லி அமைகின்றன. அவர்கள் நாட்டில் அது போதும், நமக்குப் போதாது. காரணம் காண்போம்.

இலண்டன் மாநகரம் வட அகலாங்கு 51½ பாகையில் உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் நண்பகல் கதிரவன் தெற்கிலேயே நிற்கும். திசம்பரில் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்திற்கே எழும். ஆதலின் தெற்குச் சாளரம் ஒளி மிக்கது, வடக்குச் சாளரம் ஒளி குறைந்தது என்னும் விதி அங்கு மாறுவதில்லை.

தருமபுரியோ ஏறத்தாழ வட அகலாங்கு 12 பாகையில் உள்ளது. இங்கு ஏப்ரல் 22ஐ ஒட்டியும், ஆகசுடு 21ஐ ஒட்டியும் நண்பகற் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கோலுக்கு நிழலே இல்லாத அந்நாட்களை ‘நிழலில்லா நாள்’ என்பர். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் கதிரவன் நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. எஞ்சிய எட்டு மாதங்களில் தெற்கே நிற்கிறது. சூன் 21 அன்று அது உச்சியிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கும்; திசம்பர் 21 அன்று 35 பாகைக்கு மேல் தெற்கே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மார்ச்சு 21 முதல் செப்டம்பர் 23 வரை கதிரவன் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை, வடக்கே சாய்ந்து உதிக்கிறது, மறைவதும் அவ்வாறே. சூன் மாதத்தில் இச்சாய்வு 24 பாகை அளவினது. எனவே வடக்குச் சாளரத்தில் காலையும் மாலையும் சாய்வெயில் நுழைகிறது. எம் துறைச் செடியைச் சுட்டது அம்மாலை வெயிலே.

நான்கு திசைச் சாளரங்கள்

கிழக்கு: விடியல் தொட்டு முற்பகல் பத்து மணி வரை இச்சாளரம் நேர்வெயில் பெறும். காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் ஒளியளவில் பெரும் வேறுபாடு இல்லை. வேறுபாடு காற்றில் உள்ளது. காலையில் காற்று குளிர்ந்தும் ஈரம் பொதிந்தும் இருப்பதால், இலை வெயிலை ஏற்றும் வாடுவதில்லை. பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குக் கிழக்குச் சாளரம் தலைசிறந்தது.

மேற்கு: எற்பாட்டு வெயில் விழும் திசை. பகல் முழுதும் காய்ந்த சுவரும் காற்றும் வெப்பத்தைக் கூட்டுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 38 செல்சியசு பாகையைத் தாண்டும் நாட்கள் இம்மாவட்டத்தில் உண்டு. அந்நாட்களில் மேற்குச் சாளரத்தின் கண்ணாடியை ஒட்டி மென்மையான இலைச்செடியை வைத்தல் ஆகாது. மூன்று, நான்கு அடி உள்ளே தள்ளி வைக்கலாம். அல்லது பழைய மெல்லிய வேட்டியொன்றைத் திரையாகக் கட்டலாம். வெண்துணி வெயிலின் கடுமையைத் தணித்து ஒளியைப் பரப்பும். கற்றாழை, கள்ளி இனங்கள் இவ்விடத்தைத் தாங்கும்.

தெற்கு: இதன் சிறப்புப் பனிக்காலத்திற்கு உரியது. கதிரவன் தாழ்ந்து செல்லும் திசம்பரில், தரையிலிருந்து 7 அடி உயரத்தில் மேல்விளிம்பு கொண்ட தெற்குச் சாளரத்தில், மறைப்பேதும் இல்லையெனில் நண்பகல் வெயில் அறைக்குள் 5 அடி வரை வந்து விழும். ஆயின் நம் வீடுகளில், கொத்தனார் ‘சன்ஷேடு’ என்று கூறும் நிழற்பலகை இருக்கும். 4 அடி உயரச் சாளரத்தின் மேல் 2 அடி நீளச் சன்ஷேடு இருப்பின், ஏறத்தாழ நவம்பர்த் தொடக்கம் முதல் பிப்ரவரி 10 வரை மட்டுமே நண்பகல் வெயில் அதன் அடித்திட்டைத் தொடும். மே முதல் ஆகசுடு நடுப்பகுதி வரை தெற்குச் சாளரம் நிழற்சாளரமே. கோடையில் நிழல்விரும்பிச் செடிகளை இங்கு மாற்றலாம். மேலைநாட்டு விதி இங்குத் தலைகீழாவதைக் காண்க.

வடக்கு: செப்டம்பர் இறுதி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை நேர்வெயில் அறவே இன்றி, சீரான வானொளி மட்டும் வரும். பெரணிக்கும் பீஸ் லில்லிக்கும் அக்காலத்தில் இது நல்லிடம். ஏப்ரல் முதல் ஆகசுடு வரை அவற்றைச் சாளரத்தை விட்டு ஓரிரு அடி விலக்கி, சாய்வெயில் படாத மூலையில் வைத்தல் வேண்டும். நண்பகல் வெயிலைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை; சூனில் கதிரவன் மிக உயரத்தில் நிற்பதால் சன்ஷேடே அதை முற்றும் தடுத்துவிடும்.

திசை அறிந்தபின் தடைகளையும் எண்ண வேண்டும். வெளியே நிற்கும் வேம்பும் புங்கனும், எதிர்வீட்டின் மதிலும், கொசுவலையும், தூசு படிந்த கண்ணாடியும் ஒளியைக் குறைக்கும். எதிரே வெள்ளையடித்த சுவர் இருப்பின் அது ஒளியைத் திருப்பி அனுப்பிக் கூட்டும்.

கண் ஏமாற்றும்

“எங்கள் கூடம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது?” என்று பலரும் கேட்பர். இங்குக் கண்ணை நம்பலாகாது. ஒளியியலின் தந்தை எனப் போற்றப்பெறும் இப்னு அல்-ஹைஸம், பசுரா நகரில் 965ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். அவர் இயற்றிய ‘கிதாப் அல்-மனாஸிர்’ என்னும் ஏழு பகுதிகளைக் கொண்ட நூலில், மூன்றாம் பகுதி பார்வையின் பிழைகளை ஆராய்கிறது. கண் தன் முன்னுள்ள ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. வெளிச்சத்தில் பாவை சுருங்கும், இருளில் விரியும். ஆதலின் பெரும் வேறுபாடும் சிறிதாகவே தோன்றும்.

எண்களைக் கொண்டு நோக்கின் இது விளங்கும். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். தெளிந்த வானத்து உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளில் திறந்தவெளியில் 10,000 லக்ஸ் அளவு இருக்கும். நேர்வெயில் விழாத சாளரத்தின் அருகே 1,000 முதல் 3,000 வரை இருக்கலாம். அதே அறையின் உட்சுவரருகே 100 முதல் 300 வரையே தேறும். நமக்கு நூல் படிக்க 300 லக்ஸ் போதும். செடிக்கு அது அரைவயிற்றுக் கஞ்சி.

இதன் காரணம் எளிது. ஒளிச்சேர்க்கையால் செடி உணவு ஆக்குவது வரவு. உயிர்ப்பதற்கு அதைச் செலவிடுவது செலவு. பகலில் மட்டும் வரவு. இரவும் பகலும் செலவு. ஒளி குறைந்த மூலையில் வரவு செலவுக்கு ஈடாகாது. செடி உடனே மடிவதில்லை; சேமித்து வைத்ததை உண்டு சில திங்கள் நிற்கும். அதனால்தான் ‘நேற்றுவரை நன்றாக இருந்ததே’ என்று வியக்கிறோம்.

கருவியின்றி ஒளியை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று: நண்பகலில் செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுக. விளிம்பு தெளிந்த கருநிழல் விழுந்தால் ஒளி மிகுதி. விளிம்பு மங்கிய நிழலெனின் நடுத்தரம். நிழலே தெரியாவிடின் அவ்விடம் செடிக்கு ஆகாது. மற்றொன்று: இலை இருக்கும் இடத்தில் நம் கண்ணை வைத்து, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்று காண்க. வானம் தெரியாத இடத்தில் செடிக்கும் ஒளி இல்லை. இரண்டடியில் இருந்த தொட்டியை நான்கடிக்குத் தள்ளினால், ஒளி பாதிக்கும் கீழே குறையக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க. இன்று கைப்பேசியிலேயே ஒளியை அளக்கும் செயலிகள் உள்ளன. அவை துல்லியமானவை அல்ல எனினும், ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடப் பயன்படும்.

செடியின் தாயகம்

எச்செடிக்கு எவ்வளவு ஒளி என்பதை அதன் தாயகம் கூறும். மணிபிளாண்ட் பசிபிக் பெருங்கடலின் சொசைட்டித் தீவுகளைச் சார்ந்தது. காட்டு மரங்களைப் பற்றி ஏறி, இலைகளினூடே வடிந்த ஒளியில் வாழ்வது. பீஸ் லில்லி அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் தரைச்செடி. ‘ஸ்நேக் பிளாண்ட்’ எனப்படும் மருள் இனம் மேற்கு ஆப்பிரிக்காவினது. வெயிலையும் நிழலையும் ஒருங்கே பொறுப்பது. சோற்றுக்கற்றாழை அரபுத் தீவகத்தின் வறண்ட நிலத்தது, வெயிலின்றி வாடும். குரோட்டன் இலைகளின் செம்மையும் மஞ்சளும் ஒளியால் வருவன. நிழலில் வைத்தால் பச்சையே மிஞ்சும். துளசி வெயிலுக்கே உரியது. அதை அறைக்குள் வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. கற்பூரவல்லியும் புதினாவும் கிழக்குச் சாளரத்தின் காலை வெயிலில் செழிக்கும்.

வடிகட்டிய ஒளியின் அருமை நம் உழவர்க்குப் புதிதன்று. கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தி நிழல் தருகிறது. நம் மாவட்டத்து வத்தல்மலையில் மரநிழலில் காப்பி விளைகிறது. ஓசூர்ப் பகுதி நாற்றங்கால்களில் நிழல்வலையின் கீழ்ச் செடிகள் வளர்க்கப்படுகின்றன. ஆங்கிருந்து வாங்கி வரும் செடியை நேரே இருண்ட கூடத்தில் வைத்தால் இலை உதிர்க்கும். நேரே வெயிலில் வைத்தால் கருகும். ஒளிமிக்க சாளரத்தருகே ஓரிரு வாரம் வைத்து, பின்னர்ச் சிறிது சிறிதாக இடம் மாற்றுவதே முறை.

பொழுதின் ஆட்சிக்குச் சாமந்தி நல்ல சான்று. தருமபுரி உழவர் பெரிதும் பயிரிடும் இம்மலர், இரவு நீளும் காலத்தில் அரும்பு கட்டும் இயல்பினது. நம் ஊரில் சூன் மாதப் பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம். திசம்பர்ப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். இச்சிறு வேறுபாட்டையும் செடி உணர்கிறது. நள்ளிரவு வரை விளக்கெரியும் அறையின் சாளரத்தில் சாமந்தித் தொட்டியை வைத்துவிட்டு, ‘பூக்கவில்லையே’ என வருந்துவதில் பயனில்லை. அதற்கு ஒளி மட்டுமன்று, இருளும் வேண்டும்.

செடி பேசும் மொழி

ஒளி குறைந்தால் தண்டு நெட்டையாய் நீளும். கணுக்களின் இடைவெளி கூடும். புதிய இலை சிறுக்கும். மணிபிளாண்டின் மஞ்சள் வரிகள் மறையும். ஒளி மிகுந்தால் இலை வெளிறும். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் பழுப்புத் திட்டு விழும். நீர்க் குறைவாயின் செடி முழுதும் தொங்கும். இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால் யாம் இருவேளை நீர் ஊற்றியிருக்க மாட்டோம். ஒளி குறைந்த செடி குறைவாகவே நீர் பருகும் என்பதும் மறக்கலாகாது. மேல்மண் ஓரங்குலம் காய்ந்தபின் ஊற்றுவதே பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும்.

செடி ஒளியை நோக்கி வளைவதை அனைவரும் கண்டிருப்பர். சார்லசு டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தனர். புல் நாற்றின் நுனியை ஒளிபுகாத மூடியால் மறைத்தபோது அது வளையவில்லை. ஒளியை உணர்வது நுனியே என அறிந்தனர். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் செடி ஒருபக்கம் சாயாது வளரும். இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைப்பதும் ஒளியைக் கூட்டும் வழியே.

முடிவுரை

வீட்டிற்குச் செடி வாங்கும் முன், நம் சாளரத்தைப் படிக்க வேண்டும். ஒரு காகிதத்தில் நான்கு திசைகளை எழுதி, மாதம் ஒருமுறை, காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கரை மணி ஆகிய மூன்று பொழுதுகளில் வெயில் எங்கு விழுகிறது என்று குறித்து வைத்தால், ஓராண்டில் அவ்வீட்டிற்கே உரிய நூல் ஒன்று உருவாகிவிடும். மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலும் விடுதியிலும் செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள பெரியோர்க்குத் தத்தம் வீட்டின் வெயில் வழி முன்னரே தெரிந்திருக்கும், அவர்களைக் கேட்டறிவதும் நன்று.

எம் பேராசிரியர் துறையின் ஆண்டுவிழாவிற்கு வரும்போதெல்லாம் தம் செடியைப் பற்றிக் கேட்பது வழக்கம். அவ்வாண்டு என்ன விடை சொல்வது என்று யாம் கலங்கியிருந்தோம். அதை அறிந்த அலுவலக உதவியாளர், முன்னொரு காலத்தில் அச்செடியிலிருந்து பிரித்துச் சென்ற பக்கக்கன்றொன்று தம் வீட்டின் கிழக்குச் சாளரத்தில் நன்கு வளர்ந்திருப்பதாகக் கூறி, அதிலிருந்து ஒரு பகுதியை வேரோடு கொண்டுவந்து தந்தார். அவர் நூல் எதையும் படித்தவரல்லர். வெயில் விழும் இடத்தைப் பார்த்து வைத்தவர். அக்கன்று இப்போது துறை அறையில் உள்ளது. அக்டோபர் முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை வடக்குச் சாளரத்திலும், பின்னர் அதிலிருந்து மூன்றடி உள்ளேயும் அதனை மாற்றி மாற்றி வைக்கிறோம். சென்ற பருவத்தில் அது இரண்டு வெண்மலர்கள் தந்தது. பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் கூறிவிட்டுத்தான் அம்மலர்களைக் காட்டினோம்.